அம்மா கம்ப்யூட்டராக இருந்த மே மாதம்

எங்கள் வீட்டில் அம்மா சில வாரங்கள் கம்ப்யூட்டராக வேலை பார்த்தாள். 1979 மே மாதம். ஆண்டைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த மாதம்தான் மாதா கோயிலில் எனக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுத்தார்கள். வெள்ளைக் கவுன் போட்டு எடுத்த புகைப்படத்தின் பின்புறம் அப்பா தன் கையால் மாதமும் ஆண்டும் எழுதி வைத்திருக்கிறார். எந்தப் பொருள் கையில் கிடைத்தாலும் அதன் பின்புறத்தில் தேதி போடுகிறவர் அவர். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

அப்போது நாங்கள் திருச்சி மேலப்புதூரில், மாதா கோயில் மணி தெளிவாகக் கேட்கும் தூரத்தில் குடியிருந்தோம். அப்பா தமிழாசிரியர். ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் படிப்பவர். அவருடைய கடைசித் தங்கையான அத்தை எங்களோடு இருந்தாள். ஊருக்கு வெளியே ஒரு பெரிய தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் அவளுக்குத் தற்காலிக வேலை. அங்கே என்ன செய்கிறாள் என்று தெருவில் யாருக்கும் தெரியாது. ஏ.சி. அறையில் உட்கார வைத்துச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எதிர்வீட்டுக்காரர் ஒருமுறை அப்பாவிடம், உங்கள் தங்கைக்கு அங்கே ஜலதோஷம் பிடிப்பதில்லையா என்று மட்டும் விசாரித்தார்.

அந்த மே மாதத்தோடு அத்தையின் தற்காலிகக் காலம் முடிவதாக இருந்தது. தொழிற்சாலையில் பயிற்சி பெறும் பையன்களின் பரீட்சை முடிவை அச்சடித்துத் தரும் புரோகிராம் ஒன்றை அவள் தனியாக எழுத வேண்டும். மாதக் கடைசிக்குள் அது சரியாக ஓடினால், வேலையை நிரந்தரமாக்கச் சிபாரிசு செய்வதாக அவளுடைய அதிகாரி சொல்லியிருந்தார்.

அதே சமயத்தில் லால்குடியிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையனுக்கு பாங்க் வேலை. நல்ல குடும்பம். அத்தைக்கும் பையனைப் பிடித்திருந்தது. ஆனால், கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாது என்று பையனின் அம்மா நினைப்பதாகத் தரகர் வழியே காதில் விழுந்தது. அதை முறைப்படி சொல்லிவிட்டுப் போகப் பையனின் அக்கா ஒருநாள் வருவார் என்றும் தகவல். அப்படிச் சொன்னால் கல்யாணமே வேண்டாம் என்றாள் அத்தை. வேலை முதலில் நிலைக்கட்டும், இன்னும் கையில் வராத வேலைக்காக நல்ல வரனை விடாதே என்றார் அப்பா. இருவர் சொன்னதும் எனக்கு நியாயமாகவே பட்டது. ஆக, அத்தையின் வாழ்க்கை அந்தப் புரோகிராமில் போய் நின்றது.

அத்தையைப் போன்ற புதியவர்களுக்குச் சனிக்கிழமை பிற்பகல் மட்டுமே மிஷின் கிடைக்கும். ஒரு வரி தப்பினால் அடுத்த சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டும். அதனால் புரோகிராமை முதலில் வீட்டில் ஓட்டிப் பார்த்துவிடுவது என்று அத்தை தீர்மானித்தாள். எங்களைக் கூடத்தில் வட்டமாக உட்கார வைத்தாள். தன்னுடைய ஆங்கில வரிகளைத் தமிழில் எழுதி அப்பாவிடம் கொடுத்தாள். அவர் அதைப் பூசை வாசகம் போலவே நிறுத்தி நிறுத்திப் படித்தார். அந்தக் கால மிஷினுக்கு எதையும் அட்டையில் துளை போட்டுத்தான் ஊட்ட வேண்டும். ஆபீசில் வீணாகும் அந்த அட்டைகள் எங்கள் வீட்டில் நிறையக் கிடந்தன. அம்மா மளிகைச் சாமான் எழுதுவதே அவற்றில்தான். அவற்றின் பின்புறத்தில் அத்தை கற்பனைப் பையன்களின் மதிப்பெண்களை எழுதினாள். பெயர் வைக்கும் உரிமை எனக்குக் கிடைத்தது. எங்கள் தெருப் பையன்களின் பெயர்களையே வைத்தேன். அட்டையை ஒவ்வொன்றாக எடுத்துப் படிப்பது என் வேலை. என் சிலேட்டும் பல்பமும் அம்மாவிடம் போயின.

அப்பா படித்தது இதுதான்: "அடுத்த அட்டையை எடு. ஒவ்வொரு பாடமாகப் பார். தவறிய பாடத்துக்கு சிலேட்டில் ஒரு கோடு போடு. பாடங்கள் முடிந்ததும் கோடுகளை எண்ணு. இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் பெயில் என்று சொல். இல்லாவிட்டால் பாஸ் என்று சொல். மறுபடி முதல் வரிக்குப் போ."

ஒரு பாடத்தில் தவறினால் மன்னிப்பு உண்டு, இரண்டில் தவறினால் இல்லை என்பது தொழிற்சாலையின் சட்டம். நான் மதிப்பெண் படிப்பேன், அம்மா கோடு போட்டுத் தீர்ப்புச் சொல்வாள். அத்தை தான் முன்பே குறித்து வைத்திருந்த விடையோடு ஒப்பிடுவாள். எல்லாம் சரியாக வந்தது. அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்த அம்மா ஒரு தப்புகூடச் செய்யவில்லை. கம்ப்யூட்டர் என்றால் என்னமோ என்று நினைத்தேன், இவ்வளவுதானா என்று அவள் அப்பாவைக் கேட்டாள்.

அடுத்த சனிக்கிழமை மாலை அத்தை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த நடையைப் பார்த்தே அம்மா தட்டை எடுத்து வைக்காமல் நின்றாள். மிஷின் அச்சடித்த தாளில் முதல் சில பையன்கள் ஒழுங்காகப் பாஸாகியிருந்தார்கள். அதற்குக் கீழே ஒருவன் பெயில். அவனுக்குக் கீழே இருந்த அத்தனை பேரும் பெயில். எல்லாப் பாடத்திலும் முதலாவதாக வந்த பையனும் பெயில்.

அந்த முதல் பெயில் பையனின் அட்டையில்தான் கோளாறு என்று அத்தை முடிவு கட்டினாள். அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் துளைகளை எண்ணினாள். புது அட்டை ஒன்றில் துளை போட்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். மிஷினுக்கு அட்டை ஊட்டும் பகுதியைச் சந்தேகப்பட்டாள். அவளுடைய அதிகாரி ஸ்ரீரங்கத்துக்காரர். காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு, நெற்றியில் திருமண் காயும் முன்பே ஆபீசுக்கு வந்துவிடுகிறவர். அவர் சொன்னதை அத்தை அவர் குரலிலேயே எங்களுக்குச் சொல்லிக் காட்டினாள்.

"ஏம்மா, கார்டுல தப்பில்லை, மிஷின்லயும் தப்பில்லை. நீ சொன்னதுலதான் ஏதோ விட்டுப்போயிருக்கு. எங்க பெருமாளும் உங்க மாதாவும் சேந்து வந்தாலும் அது தானா ஒரு வரி சேத்துக்காதும்மா."

நல்ல மனிதர். அவளுக்கு உதவியாக இரண்டு சீனியர்களைத் தருவதாகவும் சொன்னாராம். அத்தை வேண்டாம் என்றுவிட்டாள். இதென்ன வீம்பு என்று அப்பா கோபித்துக்கொண்டார். "அவங்களுக்கு எல்லாத்தையும் விளக்கி முடிக்கிறதுக்குள்ள சனிக்கிழமையே வந்துரும் அண்ணே" என்றாள் அத்தை. பாக்கி இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை.

அந்த வாரம் கூடத்தில் மறுபடி மறுபடி உட்கார்ந்தோம். சொன்னதை மட்டும் செய்யுங்கள், ஒன்றும் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம் என்று அத்தை கெஞ்சினாள். அப்படித்தான் செய்கிறோம் என்று நாங்களும் நம்பினோம். ஒவ்வொரு தடவையும் எல்லாம் சரியாகவே வந்தது. சரியாக வரவர அத்தையின் முகம் வாடியது.

வெள்ளிக்கிழமை மாலை, அப்பா இரண்டாவது வரியைப் படித்துக்கொண்டிருந்தபோது, பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள் வாசலில் செருப்பைக் கழற்றினார். லால்குடி மாப்பிள்ளையின் அக்கா. சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். எதற்கு வந்திருக்கிறார் என்பது என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும். எனக்கும் கொஞ்சம் தெரியும். அத்தை அட்டைகளை அள்ளப் போனாள். அப்பா ஏதோ ஆபீஸ் வேலை என்று மென்று விழுங்கினார். வந்தவர் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, "என்னால நிறுத்தாதீங்க. நடக்கட்டும், பாக்கறேன்" என்றார்.

காபி போட அம்மா எழுந்தாள். எழுந்தவள், அடுப்பைக் கவனிக்கப் போகும்போது கைக்குழந்தையைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுப்பது போல, சிலேட்டை அவர் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அப்பாவுக்கு வேறு வழி தெரியவில்லை. கோடு போடும் முறையை அவருக்குச் சொல்லிவிட்டு முதல் வரியிலிருந்து படித்தார்.

முதல் அட்டை ஆரோக்கியம் என்ற பையனுடையது. ஒரு பாடத்தில் தவறியவன். அவர் ஒரு கோடு போட்டு, தயங்கி, "பாஸ்" என்றார். அடுத்தது சேவியர். அவனும் ஒரு பாடத்தில்தான் தவறியிருந்தான்.

"பெயில்" என்றார் அவர்.

"இல்லீங்களே, சேவியருக்கு ஒரு பாடம்தானே" என்றார் அப்பா.

"இங்க ரெண்டு கோடு இருக்கே."

"அதுல ஒண்ணு ஆரோக்கியத்தோடதுங்க."

"இருக்கலாம். ஆனா நீங்க அழிக்கச் சொல்லலியே. அடுத்தவங்க வீட்டு சிலேட்டு, நானா எப்படி அழிக்கிறது?"

அப்பா தாளைத் திருப்பிப் பார்த்தார். அத்தை அதை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். வரிவரியாக அவள் விரல் இறங்கியது, மறுபடி மேலே ஏறியது. அந்த நேரத்தில் அம்மா காபியோடு வந்தாள்.

"அண்ணி, ஒவ்வொரு பையன் முடிஞ்சதும் நீங்க சிலேட்ட அழிச்சீங்களா?"

"ஆமா, முந்தானையாலதான் துடைச்சேன். ஏன்?"

"நான் எழுதவே இல்லியே. ஏன் அழிச்சீங்க?"

அம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை. "நல்லாருக்கே. ஆரோக்கியம் பண்ணுன தப்ப சேவியர் மேலயா போடுவாங்க?"

மிஷின் போட்டிருந்தது. ஒருவன் தவறிய பாடத்தை அடுத்தவன் கணக்கில் சேர்த்து, அதற்கடுத்தவன் கணக்கிலும் சேர்த்து, இரண்டு கோடு விழுந்த இடத்திலிருந்து கடைசிப் பையன் வரை எல்லோரையும் பெயிலாக்கியிருந்தது. அத்தை விருந்தாளியிடம் ஒரு வார்த்தை பேசாமல், காபியைக் கொடுக்கும் முறையைக்கூட மறந்து, உள்ளே ஓடி விட்டுப்போன அந்த ஒரு வரியை எழுத உட்கார்ந்தாள். பெண் பார்க்கும் விஷயத்தில் இதைவிடப் பெரிய மரியாதைக் குறைவு அந்நாளில் கிடையாது. அம்மா அவசரமாகத் தட்டை நீட்டினாள். வந்தவரோ காபியைக் கீழே வைத்துவிட்டு, மீதி அட்டைகளையும் முடித்துவிடலாமே என்று அப்பாவிடம் கேட்டார். முடித்தோம். இம்முறை ஒவ்வொரு பையனுக்கும் முன்னால் அழிக்கலாம் என்று அப்பா சொன்னார். சொன்ன பிறகுதான் வந்தவர் சிலேட்டை அழித்தார்.

பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். மறுநாள் புரோகிராம் சரியாக ஓடியது. ஜூன் மாதம் அத்தைக்கு வேலை நிரந்தரமானது. அடுத்த ஆண்டு ஜனவரியில், பொங்கல் கழிந்த வாரத்தில், அந்த லால்குடிப் பையனோடு அவளுக்குக் கல்யாணம் நடந்தது. ஓய்வு பெறும் வரை அவள் வேலை பார்த்தாள். மாப்பிள்ளையின் அக்கா ஒரு காலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர் என்பதும், கல்யாணம் நிச்சயமானவுடன் அதை விட்டவர் என்பதும் அதன் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அன்று மாலை அவரைத் தெருமுனை பஸ் ஸ்டாப்பில் விட்டுவர என்னை அனுப்பினார்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அவர் லால்குடி பஸ் பிடிக்க வேண்டும். வழியில் அவர் என்னைப் பல கேள்விகள் கேட்டார். அந்த ஆபீசில் வேறு பெண்கள் உண்டா? மிஷின் பக்கத்தில் போக அத்தைக்குப் பயமில்லையா? சம்பளத்தை யார் கையில் கொடுப்பார்கள்? எனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் சொன்னேன். ஸ்டாப்பில் நின்றபோது, "அந்த சேவியர் பையன் இப்ப பாஸ்தானே?" என்றார். அப்படி ஒரு பையனே கிடையாது, எங்கள் தெரு சேவியர் நான்காவதுதான் படிக்கிறான் என்று சொல்லிச் சிரித்தேன். இவ்வளவு பெரியவருக்கு இதுகூடப் புரியவில்லையே என்று இருந்தது.

"தெரியும் கண்ணு" என்றார் அவர். பிறகு பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே, "நீ வீட்டுக்குப் போ. சொல்ல வந்தத நான் சொல்லாமலே போறேன்னு உங்க அம்மாகிட்ட மட்டும் சொல்லிடு" என்றார்.

நான் ஓடிவந்து அம்மாவிடம் அப்படியே ஒப்பித்தேன். அம்மா காலி காபித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று தெரியவில்லை. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். பாவம், அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர் வந்த காரியத்தையே மறந்துவிட்டுப் போகிறார், அம்மாவுக்கு அதில்தான் வருத்தம் என்று எனக்குத் தோன்றியது. பஸ் இன்னும் வந்திருக்காது, ஓடிப்போய் அவரைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வரட்டுமா, சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டே போகட்டும் என்று கேட்டேன்.