காகிதக் கப்பு

பூங்கோதைக்கு வந்திருப்பது என்ன நோய் என்று அவளைத் தவிர அந்தத் தெருவுக்கே தெரிந்திருந்தது.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் டீ கப்புகளுக்கு மெருகு பூசுகிற வேலை அவளுக்கு. சூளைக்குப் போகுமுன் கப்பின் அடிவட்டத்தை ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். துடைக்காமல் விட்டால் வேகும்போது தட்டோடு ஒட்டிக்கொள்ளும். பூங்கோதை துடைத்த கப்பு ஒட்டியதாக யாரும் சொன்னதில்லை.

நாலு வாய் சோறு தின்றாலே வயிறு அடைத்துக்கொள்ளத் தொடங்கியது. ரவிக்கைகள் தொளதொளத்தன. மினிலாரி ஓட்டும் கணவன் அன்புச்செல்வன் அவளைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போனான். குழாய் விட்டுப் பார்த்தார்கள். துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு சொல்லும் நாளில், நம் குடும்பங்களில் வழக்கமாக நடப்பதுதான் நடந்தது. நோயாளி வெளியே பெஞ்சில் உட்கார, புருஷன் உள்ளே போனான்.

இரைப்பையில் புற்றுநோய் என்றார் டாக்டரம்மா. பரவுவதற்குள் அறுவை செய்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள் என்றார்.

“அவங்களையும் கூப்பிடுங்க, நானே சொல்றேன்.”

“வேணாங்க மேடம். பயந்தே செத்துப்போவா.”

வெளியே கூட்டம் நெரிந்தது. டாக்டரம்மாவும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. இரண்டு பேரும் அவள் நல்லதை நினைத்தவர்கள்தான். யாருடைய வயிறோ அவளிடம் மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

“இன்னா சொன்னாங்க?” என்றாள் பூங்கோதை.

“அல்சராம். பெரிய புண்ணு. ஆபரேசன் பண்ணி முக்கால்வாசி வயித்த எடுக்கணுமாம்.”

“புண்ணுக்குப் போயி வயித்த எடுப்பாங்களா? டயரு பஞ்சரானா லாரியவே காயலான் கடையில போட்டுடுவீங்களா?”

ஆபரேசனே வேண்டாமென்று எழுந்துவிட்டாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. கையில் கொடுத்த பொய்யை வைத்து யோசித்தால் வேறெந்த முடிவுக்கு வர முடியும்?

அந்த வாரமே போனில் ஒரு செய்தி சுற்றியது. உருளைக்கிழங்கிலிருந்து பிரித்தெடுத்த புரதம் கிருமிகளைக் கொல்கிறதென்று எங்கோ ஓர் ஆய்வகத்தில் பார்த்தார்களாம். அதற்கு வால் ஒட்டி, பச்சை உருளைக்கிழங்குச் சாறு குடித்தால் வயிற்றுப் புண் ஆறும் என்று யாரோ அனுப்பியிருந்தார்கள். பூங்கோதை தினமும் விடியலில் கிழங்கைத் துருவிப் பிழிந்து குடித்தாள். அன்புச்செல்வனே சந்தையிலிருந்து கிழங்கு வாங்கி வந்தான். வேண்டாமென்று சொல்ல உண்மையைச் சொல்ல வேண்டும். அதற்கு அவனுக்குத் தைரியம் வரவில்லை. தெருவில் நாலு பேரிடம் மட்டும் சொல்லிப் புலம்பினான். ஆடி போய் ஆவணியும் வந்தது.

ஒருநாள் பேட்டையில் டீ வந்தது. கூட வேலை செய்யும் ஆண்டாள் எல்லோருக்கும் பீங்கான் கப்பில் ஊற்றினாள். பூங்கோதைக்கு மட்டும் காகிதக் கப்பு.

“ஏண்டி, கப்பு செய்யிற எடத்துலயே எனக்குக் கப்பு இல்லியா?”

ஆண்டாள் தலையைக் குனிந்துகொண்டாள். “கோச்சிக்காத அக்கா. புள்ளக்குட்டிக்காரங்க நாங்க. ஒட்டிக்கும்னு சொல்றாங்க.”

“அல்சரு ஒட்டுமா?”

“அல்சரா? உனக்குக் கேன்சருன்னு...” என்றவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தனி டம்ளர் வைக்கும் ஊர்களைப் பூங்கோதை அறிவாள். அந்த அசிங்கம் தன் முன்னால் காகிதமாக வந்து நிற்கும் என்று நினைத்ததில்லை. டீயைத் தொடாமல் எழுந்து வீட்டுக்கு நடந்தாள்.

அன்புச்செல்வன் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே குழாயை மூடினான்.

“ஊருக்கெல்லாம் சொல்லத் தெரிஞ்சுது. எங்கிட்டச் சொல்லத் தெரியலியா?”

“நீ தாங்கமாட்டேன்னு...”

“தாங்கறது நான்தானே? வயித்துல வச்சிக்கினு நாந்தானே தாங்கறேன்?”

அடுத்த முறை பெஞ்சில் அவன் உட்கார்ந்தான். அவள் உள்ளே போய் டாக்டரம்மா எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“உருளைக்கெழங்கு சாறு குடிச்சேங்க. கேக்குமா?”

“ஆய்வகத் தட்டுல இருந்த கிருமி செத்துச்சும்மா. அது உண்மையாவே இருக்கலாம். அதனால உங்க வயித்துல இருக்கறது கரையாது. புது ஸ்கேன்ல பாத்தா பக்கத்து நெறிக்கட்டிங்களுக்கும் பரவியிருக்குன்னு தோணுது. அன்னிக்கே பண்ணியிருந்தா...”

“அன்னிக்கி நான் வெளியில இருந்தேன்” என்றாள் பூங்கோதை.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். பிறகு ஒன்றையும் மறைக்கவில்லை. முதலில் மருந்து ஏற்றினார்கள். முடியெல்லாம் கொட்டிய பிறகு அறுவை செய்தார்கள். வெட்டியெடுத்த நெறிக்கட்டிகள் சிலவற்றில் நோய் இருந்தது. திரும்பி வரலாம், வராமலும் போகலாம், வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டேயிருக்க வேண்டும் என்றார். பூங்கோதையின் கை தானாகத் தாலிக்கயிற்றைப் பற்றிக்கொண்டது. ஆனாலும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் எழுந்தாள்.

தை கழிந்து வேலைக்கு வந்தாள். டீ நேரத்தில் ஆண்டாள் வெட்கத்தோடு பீங்கான் கப்பை நீட்டினாள். மிச்சமிருந்த வயிற்றுக்கு ரெண்டு மடக்குதான் கொண்டது. மீதியை ஆண்டாளிடம் திருப்பி நீட்டினாள்.

“குடி. ஒட்டிக்கிச்சின்னா எங்கிட்ட வந்து கேளு.”

ஆண்டாள் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குடித்தாள்.