கரையில் ஒராள்

சுவிஸின் சூக் ஏரிக்கரையில், நீச்சல் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, நீரில் மிதந்தபடி மூச்சுவிட உதவும் குழாயைக் கையில் பிடித்தபடி நரைத்த மீசைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். என்னைத் தமிழன் என்று கண்டதும் எழுந்தார்.

“தம்பி, நான் இறங்கப்போறன். கொஞ்சம் நிண்டு பாப்பியளோ?”

“ஏன் அண்ணை, நீந்தத் தெரியாதோ?”

“தெரியும். முந்திக் கரீபியனிலை உல்லாசக் கப்பலிலை கோப்பை கழுவினனான். லீவு நாளிலை மீன் பாக்கக் கடலிலை இறங்குவம். ஒராள் இறங்கினால் மற்றவன் கரையிலை நிக்கவேணும். அது எங்கடை சட்டம். இஞ்சையும் லீவு இருக்கு, நிக்கத்தான் ஆளில்லை.”

பிடிக்க இருந்த ரயிலை விட்டுவிட்டு நின்றேன். அவர் குப்புற மிதந்தார். அந்தக் குழாய் வாயில் இருந்தால் மூச்சுவிடத் தலையைத் தூக்கவே வேண்டியதில்லை. அவரோ அடிக்கடி தலையைத் தூக்கி, நான் இன்னும் நிற்கிறேனா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.