மூக்கால் பேசிய பிரெஞ்சு

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பத்து வயதில் எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்று நம்பினேன். நான் மட்டும் நம்பியிருந்தால் பரவாயில்லை; எங்கள் தோட்டத்து லயத்தில் ஒரே வரிசையாக இருந்த பன்னிரண்டு வீட்டையும் நம்ப வைத்திருந்தேன்.

என்னிடம் இருந்தவை மொத்தம் இரண்டு சொற்கள். போன்ஜூர், மெர்சி. ரம்புக்கனைப் பக்கம் யானைகள் குளிக்கிற ஆற்றங்கரையில் சுற்றுலாக்காரர்களுக்குத் தொப்பி விற்ற, அம்மா பக்கத்துப் பெரியப்பா மகன் சொல்லிக்கொடுத்தவை. மிச்சத்துக்குத் தமிழையே மூக்கால் பேசுவேன். தடிமன் பிடித்து மூக்கு அடைத்த நாட்களில் என் பிரெஞ்சு இன்னும் சுத்தமாக இருக்கும்.

அத்தைக்கு ஆண் குழந்தை பிறந்தபோது இந்தப் புலமைக்கு வேலை வந்தது. அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. கொழும்பில் தையல் வேலைக்குப் போன இடத்தில் ஒரு யாழ்ப்பாணத்து மாமாவைக் கட்டிக்கொண்டு, கனடாவில் மொன்றியலுக்குப் போய்விட்டவர். எங்கள் பக்கத்தில் பிள்ளையின் காதில் தாய்மாமன்தான் பெயர் சொல்ல வேண்டும். முப்பத்தோராம் நாள், மூன்று தடவை. சங்கிலி, தண்டை, தொட்டில் என்று தாய்மாமன் செய்ய வேண்டியவை வேறும் உண்டு. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற அப்பாவால் அதையெல்லாம் மொன்றியலுக்கு அனுப்ப முடியாது. பெயரை மட்டும் போனில் அனுப்பலாம்.

அந்தப் பெயர் அப்பாவிடம் தயாராகவே இருந்தது. அருணாசலம். நான் பிறக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்ட தாத்தாவின் பெயர். எனக்கு என் தாய்மாமன் அவர்கள் பக்கத்துப் பெயரை வைத்துவிட்டதால், தாத்தாவின் பெயர் அதுவரை யாருக்கும் போகாமல் இருந்தது.

அப்போதுதான் அத்தையின் மாமியார் போனில் வந்தார்.

“இஞ்ச பள்ளிக்கூடத்தில பிரெஞ்சு, வெளியில இங்கிலீசு. ரெண்டிலயும் வாயில நிக்கிற பேராச் சொல்லுங்கோ தம்பி. இல்லாட்டி நாங்களே ஒண்டு பாத்து வச்சிருக்கிறம்.”

அப்பா “சரிங்கம்மா” என்று மட்டும் சொன்னார். அந்தப் பக்கம் வைத்த பிறகும் போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் சபை கூடியது. இங்கிலீசைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் எத்தனை காலமாக நம் பெயர்களைச் சொல்லித் திட்டியிருக்கிறார்கள், அதெல்லாம் இங்கிலீசில் நன்றாகவே வரும் என்றார் அம்மா. பிரெஞ்சுக்குத்தான் ஆள் வேண்டும். ஆள் நான். ஒவ்வொரு பெயரையும் மூக்கால் ஒரு முறை சொல்லிப் பார்த்துத் தீர்ப்பு வழங்கினேன். கதிரேசன் தள்ளுபடி. முருகேசு தள்ளுபடி. சிவலிங்கத்தைச் சொல்லும்போது எனக்குத் தும்மல் வந்ததால் அதுவும் தள்ளுபடி. கடைசியில் அப்பா, போகிற போக்கில் கேட்பவர் மாதிரி, தாத்தாவின் பெயரைச் சொன்னார். நான் கண்ணை மூடி அதையும் மூக்கில் ஏற்றி இறக்கிவிட்டு, “இது பிரெஞ்சில நிக்காதுப்பா” என்றேன்.

அப்பா எழுந்து போய், காலையில் தீட்டிய பால்வெட்டுக் கத்தியை மறுபடி தீட்ட உட்கார்ந்தார். என் அறிவைக் கண்டு வாயடைத்துப் போனார் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, நிஜமான பிரெஞ்சுக்காரர்களிடமே கேட்டுவிடலாம் என்றார். மத்தியானத்தோடு வேலையை விட்டு வந்ததால் அன்று அவருக்கு அரைப்பேர்தான். தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ஒரு பேர் என்பார்கள். பாதி நாளுக்கு அரைப்பேர். ஆபீஸ் கிளாக்கர் ஐயாவிடம் ஏழு பெயர்களை இங்கிலீசு எழுத்தில் எழுதி வாங்கியிருந்தார். பஸ்ஸில் போகும்போது எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். ஏழாவது அருணாசலம். நான் தள்ளிய பெயர் எப்படி உள்ளே வந்தது என்று கேட்டேன். “இருக்கட்டும்” என்றார்.

ஆற்றங்கரையில், தெம்பிலி என்கிற செவ்விளநீரை வெட்டி விற்கிற வண்டியருகே, வயதான ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் குடித்துக்கொண்டு நின்றார்கள். அப்பா என் முதுகில் மெல்லக் கை வைத்தார். நான் போய், “போன்ஜூர். பிரான்ஸ்?” என்றேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே தலையை ஆட்டி ஏதோ நீளமாகச் சொன்னார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்று கேட்காதீர்கள். எனக்கு வேண்டிய பக்கம் ஆட்டியதாக எடுத்துக்கொண்டு, “பிரான்ஸ்தானாம்பா” என்று அறிவித்தேன்.

பட்டியலை நீட்டினேன். அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தார். முதல் ஆறும் அவர் வாயில் படாத பாடு பட்டன. ஏழாவதுக்கு வந்தார். “அருண்” என்றார். அதற்குமேல் ஏற முடியாமல் அங்கேயே நின்று, கணவரைப் பார்த்து இன்னொரு முறை “அருண்” என்றார். அவரும் சொல்லிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

“அருண் போதும்” என்றார் அப்பா. தாத்தாவுக்கும் அன்று அரைப்பேர்தான் கிடைத்தது.

அந்த அம்மா காகிதத்தைத் திருப்பித் தரும்போது “டங்கே” என்றார். நான் பெருந்தன்மையோடு “மெர்சி” என்றேன். பிறகு யானை பார்க்க ஓடிவிட்டேன். திரும்பி வந்தபோது தெம்பிலிக்காரரும் அப்பாவும் அந்த ஜோடி போன பக்கத்தைக் காட்டிச் சிங்களத்தில் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா என் தலையைக் கோதிவிட்டு, கேட்காமலே எனக்கு இரண்டாவது தெம்பிலி வாங்கித் தந்தார். இரண்டாவது எதற்கு என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

முப்பத்தோராம் நாள் எங்களுக்குச் சாயங்காலம், அவர்களுக்குக் காலை. போனைப் பிள்ளையின் காதருகே பிடித்தார்கள். பிரெஞ்சுக்காரர்களே பார்த்துச் சொன்ன பெயர் என்று அப்பா முதலில் அறிவித்தார். அத்தையின் மாமியார், “அப்பிடியெண்டா சரி” என்றார். அப்பா எதிர் மலைக்குக் கூப்பிடுகிறவர் மாதிரி “அருண்” என்று மூன்று தடவை கத்தினார். பிள்ளை அழுதது. மூன்றாவது தடவை அப்பாவின் குரலும் சரியில்லை.

இப்போது நான் சுற்றுலாக்காரர்களுக்கு வேன் ஓட்டுகிறேன். போன வருடம் ஒரு ஜோடி, இறங்கும்போது நன்றியாக “டங்கே” என்றார்கள். எந்த ஊர் என்று கேட்டேன். ஜெர்மனி. பத்து வயதில் ஆற்றங்கரையில் கேட்ட “டங்கே” அப்போதுதான் எனக்கு விளங்கியது.

போன மாதம் அத்தை தன் மகனோடு வந்திருந்தார். அவன் என்னைவிட உயரம். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு டீச்சரும் இங்கிலீசு டீச்சரும் தன் பெயரை ஆளுக்கொரு விதமாக, ஆனால் தடுக்காமல் கூப்பிடுகிறார்களாம். என் பிழைக்கு இப்படி ஒரு நல்ல முடிவு வந்ததற்கு எந்தச் சாமிக்குத் தேங்காய் உடைப்பது என்று தெரியவில்லை.

இனியும் மறைக்க மனம் வரவில்லை. முற்றத்தில் பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்த அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அன்று ஆற்றங்கரையில் நின்றவர்கள் பிரெஞ்சுக்காரர்களே இல்லை, ஜெர்மன்காரர்கள் என்று சொன்னேன்.

அப்பா அடுத்த பலாக்கொட்டையை எடுத்து உரித்தார்.

“அன்னைக்கே தெரியும்டா. எனக்கு எங்கப்பா பேரு வேணும் தானே.”