கயிறு கையில்தான் இருந்தது

பிள்ளைகளா, நம் வீட்டில் சாவி மாட்டுகிற ஆணியில் ஒரு சிவப்புச் சுருள் கயிறு தொங்குகிறதே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஒரு முனையில் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் பட்டை, மறுமுனையில் ஒரு பிளாஸ்டிக் கொக்கி. எந்தச் சாவியும் அதில் கிடையாது. எதற்கு இந்தக் குப்பை என்று உங்கள் அம்மா பலமுறை கேட்டிருக்கிறாள். நான் பதில் சொன்னதில்லை.

போன வாரம் பெரியவன் தன் பைக்கைப் பெரியப்பாவின் விளாங்குடி மெக்கானிக் கடைக்குக் கொண்டுபோனான். சைடு ஸ்டாண்டை இறக்கினால் இன்ஜினை அணைக்கிற சுவிட்சு கெட்டுப்போய், ஸ்டாண்டை மடக்கிய பிறகும் வண்டி கிளம்பவில்லை. டைரக்ட் கொடுத்து விடுங்கள் என்று கேட்டிருக்கிறான். "புது சுவிட்சு வாங்கிட்டு வா, மாட்டித் தாரேன். டைரக்ட் குடுக்க மாட்டேன்" என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து, "பெரியப்பாவுக்கு வயசாயிருச்சுப்பா, இதுக்குப் போயி பயப்படுறாரு" என்றான். "லுங்கி அவுந்த அன்னைலருந்தே அவரு அப்பிடித்தான்" என்று பாப்பா சொல்ல, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

டைரக்ட் என்பது நம் ஊர்ப் பட்டறைகளில் தினமும் நடக்கிற வேலை. ஒரு சுவிட்சு மக்கர் செய்தால், அதற்குப் போகிற ஒயரை, ஒயர்களை இணைக்கிற கப்ளரிலிருந்து பிடுங்கிவிட்டு, கப்ளரின் வாயில் ஒரு துண்டு ஒயரைச் செருகி டேப் சுற்றிவிடுவார்கள். சுவிட்சு இல்லாமலே வண்டி ஓடும். வேலைக்குப் போகிற அவசரத்தில் நிற்கிறவனுக்கு அதுதான் வேண்டும். அதைத் தப்பென்று யாரும் நினைத்ததில்லை. என் பைக்கின் ஸ்டாண்ட் சுவிட்சில் சேறு அடைத்தபோது பெரியப்பாதான் அப்படிச் செய்து கொடுத்தார்.

அப்போது நீங்கள் சின்னப் பிள்ளைகள். நான் வாடிப்பட்டிக்கு அப்பால் ஒரு ரிசார்ட்டில் படகுக்காரனாக இருந்தேன். அங்கே இருந்த பெரிய குளத்துக்கு ஓனர் எங்கிருந்தோ ஒரு பழைய வாட்டர் ஸ்கூட்டரை வாங்கிவந்து விட்டிருந்தார். தண்ணீரில் பைக் மாதிரி ஓடும். ஓட்டுகிறவர் அந்தச் சிவப்புக் கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டு, கொக்கியை ஹேண்டிலில் இருக்கும் சுவிட்சில் மாட்ட வேண்டும். ஆள் விழுந்தால் கயிறு கொக்கியை இழுத்துவிடும், இன்ஜின் அந்த நொடியே நின்றுவிடும். ஆனால் அந்த வண்டி ஆள் விழாமலே அடிக்கடி நடுக்குளத்தில் நின்றுபோனது. ஒவ்வொரு முறையும் நான்தான் துடுப்புப் போட்டுப் போய்க் கட்டி இழுத்து வந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஓட வேண்டும் என்று ஓனர் நெருக்கியதால், என் சகலையான உங்கள் பெரியப்பாவை வரச்சொன்னேன். லீவு நாள் என்பதால் நீங்களும் அவர் பைக்கில் தொற்றிக்கொண்டு வந்துவிட்டீர்கள்.

அவர் வேலை செய்வது பார்க்க அழகாக இருக்கும். லுங்கியை மடித்துக் கட்டி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, வண்டியின் முன்மூடியைத் திறந்தார். பேட்டரி முனைகளில் பச்சை பூத்திருந்ததைச் சுரண்டினார். எர்த் ஒயரைக் கழற்றித் தேய்த்து மாட்டினார். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு ஒயராகப் பிடித்து ஆட்டிக்கொண்டே போனார். ஹேண்டிலுக்குப் போகும் ஒயரை ஆட்டியதும் இன்ஜின் செத்தது. "மாட்டுனியாடா மகனே" என்று வண்டியின் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினார். நீங்கள் கரையில் நின்று, "பெரியப்பா, மொத ரவுண்டு எங்களுக்கு!" என்று கத்தினீர்கள். "பொறுங்கடா, இன்னும் எம்புட்டு வேல கெடக்கு" என்றார். அதற்குள் ஓனர் கூப்பிட்டதால் நான் மிதிபடகுகளைக் கழுவப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது மூடியைச் சாத்திக்கொண்டிருந்தார். "சரியாப் போச்சு மாப்ள. நான் ஒரு வட்டம் போயிட்டு வாரேன். அப்பறம் ரெண்டையும் ஏத்துவோம்" என்றார். மிதவைச் சட்டை போடச் சொன்னேன். "கெணத்துல குதிச்சு வளந்தவனுக்கு இது எதுக்கு மாப்ள?" என்று சிரித்துவிட்டு, கயிற்றை மட்டும் கையில் கட்டிக்கொண்டார்.

வண்டி நன்றாகத்தான் போனது. நீங்கள் கைதட்டினீர்கள். அந்த உற்சாகத்தில் சட்டென்று வளைத்தார், தூக்கி எறியப்பட்டார். கொக்கி பிடுங்கிக்கொண்டு அவர் கையோடு போனதை என் கண்ணால் பார்த்தேன். "பயப்படாதீங்க, இப்ப நின்னுரும்" என்று உங்களிடம் சொன்னேன்.

நிற்கவில்லை.

அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. மேலே ஆள் இல்லை, ஆனால் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. துருப்பிடித்த ஆக்ஸிலேட்டர் பாதியில் சிக்கிக்கொள்ள, வட்டமடித்து அவரை நோக்கியே வந்தது. விலகிப் போக வேண்டியவர், அதை அணைப்பதற்காக எதிரே நீந்தினார். ரோட்டில் விழுந்த பைக் ஓடிக்கொண்டிருந்தால் ஓடிப்போய் அணைக்கிற மெக்கானிக்கின் புத்தி. வண்டி தோளில் மோதியது. அடியில் தண்ணீரை உறிஞ்சுகிற வாய் லுங்கியைப் பிடித்துக்கொண்டது. அவர் தலை உள்ளே போனது. நான் எப்போது குதித்தேன் என்று எனக்குத் தெரியாது. கலங்கிய தண்ணீருக்குள் அவர் தலைமுடி கையில் அகப்பட்டது, இழுத்தால் வரவில்லை. இடுப்பில் லுங்கி முறுக்கேறி நின்றது. அப்போதுதான் துணி சிக்கி இன்ஜின் மூச்சடைத்து நின்றது. லுங்கி முடிச்சைப் பிய்த்து அவரை மேலே கொண்டுவந்தேன்.

உள் டவுசரோடு அவர் கரையேறியபோது நீங்கள் சிரித்தீர்கள். உங்களுக்கு என்ன தெரியும்? அவரும் உங்களுக்காக, நல்ல கையைத் தூக்கி ஆட்டிச் சிரித்தார். இன்னொரு தோள் எலும்பு முறிந்திருந்தது.

அவரை உட்கார வைத்ததும் மணிக்கட்டைக் காட்டி, "கயிறு கையிலதான மாப்ள இருக்கு? ஏன் நிக்கல?" என்றார். திரும்பத் திரும்ப அதையே கேட்டார். நான் வண்டியைக் கரைக்கு இழுத்து மூடியைத் திறந்தேன். ஹேண்டில் சுவிட்சின் ஒயர் தனியாகத் தொங்கியது. கப்ளரின் வாயில் புது டேப். அடுத்த முறை உரிக்க வசதியாக டேப்பின் நுனியை மடித்துவிடுவது அவர் பழக்கம். இதிலும் மடித்திருந்தது.

"அண்ணே, நீங்கதானண்ணே டைரக்ட் குடுத்துருக்கீங்க" என்றேன்.

என்னைப் பார்த்தார். மக்கர் செய்த ஒரு சுவிட்சை எடுத்துவிட்டதாக மட்டுமே அவர் மனதில் இருந்திருக்கிறது. எத்தனையோ வண்டிகளில் செய்ததைக் கை தானாகச் செய்துவிட்டது. அந்தச் சுவிட்சுக்கும் கையில் கட்டிய கயிற்றுக்கும் உள்ள தொடர்பு அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மிதிபடகில் ஏறி விளையாடிக்கொண்டிருந்த உங்கள் பக்கம் மெல்லத் திரும்பினார். "அடுத்து பிள்ளைகளத்தான மாப்ள ஏத்த இருந்தேன்" என்றார்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போது நர்ஸ் அந்தக் கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். ஓனர் அந்த வண்டியைக் கரையேற்றித் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். கயிற்றை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

பெரியவனே, டைரக்ட் கொடுக்க மாட்டேன் என்று அவர் சொன்னது வயதாகிவிட்டதால் அல்ல.

குளத்தில் அது நடந்த அன்று சாயங்காலம் உங்களை அம்மாவிடம் விட்டுவிட்டு நான் மட்டும் வாசலுக்கு வந்தேன். என் பைக்கின் அருகே குத்தவைத்து, ஸ்டாண்ட் ஒயரைத் தேடிப் பிடித்தேன். மடித்த நுனி நகத்துக்கு அகப்பட்டது. டேப்பை உரித்து, அந்தத் துண்டு ஒயரைப் பிடுங்கிப் போட்டேன். சுவிட்சில் இருந்த சேற்றைத் துணியால் துடைத்து, பழைய ஒயரைக் கப்ளரில் செருகினேன். வண்டியைக் கிளப்பினேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டாண்டைக் காலால் இறக்கினேன்.

சத்தம் நின்றது. இன்னொரு முறை செய்து பார்த்தேன். நின்றது. உள்ளே வந்து, சட்டைப்பையில் இருந்த கயிற்றை எடுத்து ஆணியில் மாட்டினேன்.