மணலைத் தொட்ட மட்டை

என் அக்காவைப் பற்றி எழுத வேண்டுமென்றால் அத்தானைத் திட்டாமல் எழுத முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுநிலையாக எழுத வேறு யாராவது இருந்தால் அவர்கள் தாராளமாக எழுதிக்கொள்ளட்டும்.

அக்கா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். கதிர் படாமலிருக்கக் கனமான ஈய ஏப்ரனை மாட்டிக்கொண்டு, உடைந்த கையையும் வீங்கிய காலையும் மேசைமேல் சரியாகத் திருப்பி வைப்பது அவள் வேலை. “இப்படிக் கொஞ்சம் திருப்புங்க. போதும். அசையாதீங்க.” வலியில் கத்திக்கொண்டு வருகிறவர்கள்கூட அந்தக் குரலைக் கேட்டதும் அடங்கிவிடுவார்கள். அடங்காத ஒரே ஆள் அவள் வீட்டிலேயே இருந்தார்.

அத்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சிக் காரில், கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் தடுமாறினால் இவர் மிதிக்கலாம். நல்ல ஏற்பாடுதான், காருக்கு. ஆனால் இந்த மனிதர் அந்த பிரேக்கை வீட்டுக்கும் கூடவே கொண்டுவந்துவிட்டார். அக்கா முட்டை பொரித்தால் பின்னாலிருந்து கை நீட்டி அடுப்பைக் குறைப்பார். அவள் என்னோடு போனில் பேசினால், “போதும், வை” என்பார். சொந்தக் காரை அவள் ஓட்டினால் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை வழியெல்லாம் வலது காலால் அழுத்திக்கொண்டு வருவார். அந்தப் பக்கத்துக் கால்மிதி ஒரு இடத்தில் மட்டும் தேய்ந்து ஓட்டையாகிவிட்டது. பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கோல்ஃப் ஆட முதலில் போனவள் அக்காதான். நகராட்சி மைதானம் அது. தபால்காரர் முதல் பல் டாக்டர் வரை எல்லோரும் ஆடுவார்கள். நாளெல்லாம் ஜன்னலில்லாத அறையில் நிற்கிறவளுக்கு, வெயிலில் நாலு மணி நேரம் நடப்பதே பெரிய சந்தோஷமாக இருந்தது. ஒரு வருஷம் கழித்து, “நீ அப்படி என்னதான் பண்றே, பாக்கறேன்” என்று அத்தானும் வந்தார். வந்த இரண்டாவது வாரமே அவளுக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

அவளும் பொறுத்துக்கொண்டாள். நானாயிருந்தால் மட்டையை அவர் தலையில் போட்டிருப்பேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பந்தைக் கடைசியில் விழவைக்க வேண்டிய குழி ஒவ்வொன்றும் ஒரு வழவழப்பான புல்தரையில் இருக்கும். அதற்குக் காவல் வைத்ததுபோல் சுற்றிலும் மணல் பள்ளங்கள் வெட்டி வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் பங்கர். அதில் பந்து விழுந்தால் எடுப்பது லேசில்லை. இந்த விளையாட்டில் ஜோடி ஆட்டம் என்று ஒன்று உண்டு, பெரும்பாலும் தம்பதிகள் ஆடுவது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பந்து. ஒருவர் மாற்றி ஒருவர் அடிக்க வேண்டும். குடும்பத்தைக் கெடுக்கவென்றே யாரோ யோசித்துக் கண்டுபிடித்த ஆட்டம்.

அத்தான் ஓங்கி அடிப்பார். பந்து நேராகப் போய் மணலில் விழும். எடுக்க வேண்டியவள் அக்கா. அவள் மட்டையைத் தூக்கும்போதே மேலே கரையில் நின்றுகொண்டு, “மணிக்கட்டு! மணிக்கட்டு!” என்று கத்துவார். அவள் கை பாதியிலேயே நின்றுவிடும். மட்டை மணலில் குத்தி நிற்கும். பந்து ஒரு முழம் உருண்டு மறுபடி காலடிக்கே வரும். “நான் சொன்னேன்ல?” என்பார். எது நடந்தாலும் அவர் சொன்னதுதான் நடந்ததாக இருக்கும்.

மைதானத்தில் வருஷாவருஷம் நடக்கும் ஜோடிப் போட்டிக்கு இந்த முறை இரண்டு மாதம் இருக்கும்போது, வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், அவருடைய அண்ணன், அண்ணி, நான் எல்லோரும் இருக்கும்போதே சொன்னார்: “இந்த வருஷமும் தோத்தோம்னா அடுத்த வருஷம் நமக்குள்ள ஜோடி கிடையாது. வேற ஆளைப் பாத்துக்க வேண்டியதுதான். மணல்ல நின்னுக்கிட்டு என் மானத்தை வாங்கறா.”

அவர் அண்ணன் சிரித்தார். அக்கா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சமையலறையில் என்னிடம், “அவர் கூட ஆடறது எனக்கு ஒண்ணும் பெரிசில்லடி. ஆனா நான் மணல்ல தோத்ததால என்னைக் கழட்டிவிட்டாருன்னு நாலு பேர் பேசினா, அப்புறம் அந்த மைதானத்துக்குள்ள நான் எப்படிக் கால் வைப்பேன்?” என்றாள். தட்டை ஓங்கி ஓங்கித் தேய்த்தாள். அழுகையில்லை, ஆத்திரம்.

மறுநாளே மைதானத்துக் கோச்சிடம் போனாள். எப்போதும் தொப்பி போட்டிருப்பதால் அவருக்குத் தொப்பி என்றே பெயர். அவர் அவளை நாலு முறை அடிக்கச் சொல்லிப் பார்த்தார்.

“உங்க மணிக்கட்டுல ஒண்ணும் பெரிய கோளாறு இல்லைங்க. கைதான் பாதியில நிக்குது. எதுக்குப் பயப்படறீங்க?”

 நான் சொல்ல வாயெடுத்தேன், அக்கா என் காலை மிதித்தாள்.

தொப்பி மணலில் விரலால் ஒரு கோடு கிழித்தார். பந்தை மறந்துவிட்டு அந்தக் கோட்டை மட்டும் அடிக்கச் சொன்னார். மட்டையின் முகத்தை வானத்தைப் பார்க்கத் திறந்து வைக்க வேண்டும். தூக்கும்போதே மணிக்கட்டு சீக்கிரமாக மடங்க வேண்டும். கீழே வரும்போது இடது மணிக்கட்டு பின்பக்கம் வளைந்தபடியே இருக்க வேண்டும். வலது கை அதன்மேல் புரண்டுவிடக் கூடாது. புரண்டால் மட்டையின் கூர் மணலில் தோண்டிக்கொள்ளும். புரளாவிட்டால் மட்டையின் அடிவயிறு மணலில் வழுக்கிக்கொண்டு போகும். பந்தை மட்டை தொடவே தொடாது, மணல்தான் அதைத் தூக்கி வெளியே போடும். இது எல்லாவற்றையும்விட முக்கியம், கை கடைசி வரை போக வேண்டும்.

“அடிச்சு முடிச்சப்புறம் மட்டையோட முகத்துல ஒரு டம்ளரை வச்சா கவிழாம நிக்கணும். அப்படி இருந்தா சரி” என்றார்.

இரண்டு மாதமும் ஆஸ்பத்திரி முடிந்து நேரே மைதானத்துக்குப் போவாள். கோடு கிழிப்பாள், அடிப்பாள், மறுபடி கிழிப்பாள். உள்ளங்கை தோலுரிந்து கட்டுப் போட்டுக்கொண்டாள். ஒருநாள் செருப்பைக் கழற்றி உதறினால் ஒரு கைப்பிடி மணல் கொட்டியது. அத்தான், “வீட்டைக் கூட்டுறது யாரு?” என்றார். அவர் ஒருநாளும் கூட்டியதில்லை என்பதைப் பதிவு செய்துவிடுகிறேன்.

போட்டி நாளில் மட்டைப் பை வண்டியை இழுத்துக்கொண்டு நானும் கூடவே போனேன். எதிர் ஜோடி பல் டாக்டரும் அவர் மனைவியும். அமைதியானவர்கள். இருவரும் ஒருவருக்கொருவர் “நல்லா அடிச்சே” என்று சொல்லிக்கொள்வதைப் பார்க்கவே எனக்கு வயிறு எரிந்தது.

முதல் முறை அத்தான் பந்தை மணலில் போட்டபோது, அக்கா மட்டையைத் தூக்கினாள். “மணிக்கட்டு!” என்றார். கை நின்றது. பந்தும் அங்கேயே நின்றது. இப்போது அவர் முறை. உள்ளே இறங்கி ஒரு வீசு வீசினார். பந்து புல்தரைக்கு மேலாகப் பறந்து எதிர்ப்பக்கத்துப் புதரில் போய் விழுந்தது. “மணல் ஈரமா இருக்கு” என்றார். மணல் சுக்காகக் காய்ந்து கிடந்தது.

இரண்டாவது முறை அவருக்கு யாரோ தெரிந்தவர் கையசைத்தார். பேசப் போய்விட்டார். அந்த நேரத்தில் அக்கா அடித்தாள். மெத்தென்று ஒரு சத்தம். பந்து மணலோடு எழும்பி, குழிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. பல் டாக்டர் கை தட்டினார். அத்தான் திரும்பி வந்து, “வெளிய வந்துடுச்சா? பரவாயில்லையே” என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. அக்கா மட்டை முகத்தில் ஒட்டியிருந்த மணலைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசிக் குழிக்கு வரும்போது இரண்டு ஜோடியும் சமம். இந்தக் குழியைக் குறைந்த அடிகளில் முடிப்பவர்களுக்கு வெற்றி. அத்தான் அடித்தார். பந்து எங்கே போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆழமான பள்ளம், கரை தலைக்கு மேல். எதிர் ஜோடி அந்தப் பக்கம் புல்தரையில் நின்றார்கள். அவர்களுக்குப் பள்ளத்தின் உள்ளே எதுவும் தெரியாது. நான் மட்டும் இந்தப் பக்க விளிம்பில் நின்றிருந்தேன்.

அக்கா இறங்கினாள். காலை மணலில் அழுத்தி நின்றாள். மட்டையின் முகத்தைத் திறந்தாள். கையில் பதற்றமே இல்லை. இந்த முறை வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“இரு, இரு” என்று அத்தான் தன் மட்டையோடு உள்ளே குதித்தார். “இவ்வளவு திறக்காதே. மணிக்கட்டை இப்படி வை. இங்க பாரு.” சொல்லிக்கொண்டே ஒரு வீசு வீசிக் காட்டினார். மட்டை மணலைச் சீவிக்கொண்டு போனது. மணலில் கையகலத்துக்கு ஒரு தடம்.

பங்கரில் அடிப்பதற்கு முன் மட்டையால் மணலைத் தொடக் கூடாது. ஒத்திகைக்கு வீசும்போதும் கூடாது. ஜோடியில் யார் தொட்டாலும் அந்தக் குழியின் வெற்றி எதிராளிக்கு. இதை முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள்.

மூவரும் அந்தத் தடத்தைப் பார்த்தோம். அத்தான் முகம் வெளுத்தது. கரைப் பக்கம் அண்ணாந்து பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “யாரும் பாக்கல. நீ அடி.”

“நான் பாத்தேன்” என்றாள் அக்கா.

“லூசா நீ? தோத்துடுவோம்!”

அவள் மட்டையை மணலில் படாமல் தூக்கிக்கொண்டு கரையேறினாள். “டாக்டர், எங்க மட்டை மணலைத் தொட்டுடுச்சு. ஆட்டம் உங்களுக்கு” என்று அந்தப் பக்கம் பார்த்துச் சொன்னாள். யாருடைய மட்டை என்று அப்போதும் சொல்லவில்லை! நான் சொன்னேன். உரக்கவே சொன்னேன். அதற்காக எனக்கு ஒரு துளி வருத்தம் கிடையாது.

கைகுலுக்கி முடிந்தது. அக்கா திரும்பப் பள்ளத்தில் இறங்கினாள். ஆட்டம் முடிந்துவிட்டது, இனி அந்த அடியால் யாருக்கும் லாபமில்லை. அத்தான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். “பேசாதீங்க” என்றாள். எக்ஸ்ரே அறைக் குரல். அந்த மனிதர் வாயை மூடியதை என் வாழ்நாளில் முதல்முறை பார்த்தேன்.

அடித்தாள். கை கடைசி வரை போனது. பந்து கரையைத் தாண்டி எழும்பி, மெதுவாக இறங்கி, உருண்டு, குழிக்குள் விழுந்தது. பல் டாக்டர் மனைவி கத்தியே விட்டாள்.

அத்தான் கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: “பாத்தியா? நான் காட்டின மாதிரி மணிக்கட்டை வச்சே, வந்துடுச்சு.”

அக்கா மணலைச் சமன்படுத்தும் வாரியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவள் காலடித் தடத்தையும் தன் தடத்தையும் அவரே வாரிவிட்டு வரும்வரை காரில் காத்திருந்தோம்.

திரும்பும்போது அக்கா ஓட்டினாள். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மைதானத்து வாசலைத் தாண்டியதும் அவர் ஆரம்பித்தார். “சரி விடு, ஏதோ ஆயிடுச்சு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

“ஆமா” என்றாள் அக்கா, சாலையைப் பார்த்தபடி. “தோத்தா வேற ஆளைப் பாத்துக்க வேண்டியதுதான்னு எல்லாரும் இருக்கும்போது சொன்னீங்களே. தோத்துட்டோம். நான் பாத்துக்கறேன். நீங்களும் யாரையாவது பாத்துக்கங்க.”

அத்தானின் வலது கால் அந்த ஓட்டைக் கால்மிதியை ஓங்கி அழுத்தியது. வண்டி போய்க்கொண்டேயிருந்தது.