அவளே சொல்ல வேண்டிய கதை

கைப்பேசியில், துணை தேடும் செயலியில் ஓர் ஆணின் படம் வந்தால் பாண்டிச்செல்வி முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை. காதோரத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறாள். "பின்னாடி இருக்க கடலு நெசமில்லக்கா. வெட்டி ஒட்டியிருக்காக" என்று பக்கத்து நாற்காலியில் இருக்கும் என்னிடம் சொல்லிவிட்டு, விரலால் அவரை ஒதுக்கித் தள்ளுகிறாள்.

எங்கள் திருத்தங்கல் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைப்பவள் அவள். முப்பதைத் தாண்டிவிட்டாள். நாள் முழுக்க மத்தாப்புக்கும் மயிலுக்கும் நிறம் ஏற்றுகிறவள், தனக்கென்று எடுப்பதெல்லாம் சாம்பல் நிறச் சேலைதான். கல்யாணமான வருஷமே ஆமத்தூருக்கு, அம்மா வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். ஏன் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை. இந்தச் செயலி அவளுக்குப் பிடித்துப்போனது அதனால்தான். "இங்கன எல்லாருக்கும் என் கதை தெரியும்னு நெனப்பு. இதுல நானா சொன்னாத்தான உண்டு?"

சொல்லவும் போனாள். கோயம்புத்தூர் மணிகண்டராஜ் மாதக்கணக்கில் அவளோடு செயலியில் பேசிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி விருதுநகர் வந்தார். பரோட்டாக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்து, முறிந்துபோன கல்யாணத்தைப் பற்றி அவள் ஆரம்பித்தாள். பாதியிலேயே அவர் கை கழுவ எழுந்தார். திரும்பி வந்து, "ட்ரெயினுக்கு நேரமாச்சுங்க" என்றார். மறுநாள் செயலியில் அவர் பெயரே இல்லை.

"பஸ்ல வாரப்ப ஜன்னல் பக்கமே திரும்பி இருந்துக்கிட்டேன்க்கா" என்றாள்.

ஆவணியில் ஒருநாள் அச்சான தாளில் நிறம் பார்க்க நாங்கள் இருவரும் மெஷினருகே நின்றோம். மெஷின் ஓட்டும் செந்தூர்பாண்டி அதிகம் பேசாத மனிதர். தாளை நீட்டியபடியே, "உங்களக் கட்டிக்கிடணும்னு எனக்கு ஆச. யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

அவள் தாளை வாங்கிக்கொண்டாள். வேண்டாமென்றால் விரலால் தள்ளிவிட முடியாத மனிதர். நாளையும் இதே இடத்தில் நிற்பார்.

"என்னயப் பத்தி ஊர்ல பேசுதது தெரியும்ல?"

"ஊரு சொன்னது தெரியும். நீங்க இன்னும் சொல்லலையே."

அவள் தணிந்த குரலில் சொல்லத் தொடங்கினாள். மெஷின் இரைச்சலில் உதடுகள் அசைவதுதான் தெரிந்தது. தீபாவளி ஆர்டர் மலையாகக் குவிந்திருந்த நேரம். கண்ணாடி அறையிலிருந்து முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். செந்தூர்பாண்டி கையை நீட்டி மெஷினை நிறுத்தினார்.