வைட்டமின் பாட்டில்

மாநில அலுவலகத்தின் தொலைபேசியில் காத்திருக்கும்போது ஒரு பியானோ இசை ஓடும். நாற்பது நொடி இருக்கும். முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து. அந்த மூன்று வாரத்தில் அதை எத்தனை தடவை கேட்டேனோ தெரியாது. வெண்டைக்காய் நறுக்கும்போது என் வாய் தானாக அதை முணுமுணுத்தது. "அம்மா, ப்ளீஸ், ஸ்டாப்" என்று என் மகள் காதைப் பொத்திக்கொண்டாள்.

என் தம்பி கவுண்டி ஜெயிலில் இருந்தான். அவனுக்கு மாத்திரை கிடைக்கவில்லை. விஷயம் இவ்வளவுதான். இந்த இரண்டு வாக்கியத்தைக் காது கொடுத்துக் கேட்கும் ஓர் ஆளைத் தேடித்தான் நான் ஊரையே கூப்பிட்டேன்.

தம்பிக்கு முப்பத்தாறு வயது. அமெரிக்காவில், இர்விங்கில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அபார்ட்மெண்டில் தனியாக இருந்தான். பதினொரு வருஷமாக அவனுக்கு மனச்சிதைவு. மாத்திரை போட்டுக்கொண்டால் ஆபீஸ் போவான், பாட்மிண்டன் ஆடுவான், என்னைவிட நன்றாகக் காபி போடுவான். பத்து நாள் விட்டுப்போனால் அக்கம்பக்கத்தார் தன் யோசனைகளைத் திருடுவதாக நினைக்க ஆரம்பித்துவிடுவான். அந்த முறை கோயம்புத்தூரிலிருந்து மாத்திரை கொண்டுவர வேண்டிய அங்கிள் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுவிட்டார். இரண்டாவது வாரம் இவன் கீழ்வீட்டுக்குள் போய் சோஃபாவில் உட்கார்ந்துகொண்டு, எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தால்தான் எழுந்திருப்பேன் என்று சொல்லியிருக்கிறான். போலீஸ் வந்தது. கையைப் பிடித்து இழுத்த போலீஸ்காரரை இவன் தள்ளினான். அத்துமீறி நுழைந்தது, அதிகாரியைத் தள்ளியது என்று இரண்டு வழக்கு.

மாத்திரை ஏன் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும்? இர்விங்கில் தடுக்கி விழுந்தால் ஃபார்மசிதான். ஆனால் இங்கே டாக்டரைப் பார்த்தால் இன்ஷூரன்ஸுக்குத் தெரியும், அங்கிருந்து ஆபீஸுக்குத் தெரியும், அதற்குப் பிறகு கிரீன் கார்டு வராது. இப்படி ஒரு பாதையை அம்மாதான் போட்டாள். அப்படி ஒரு பாதை உண்மையில் இருக்கிறதா என்று எங்களில் ஒருவரும் விசாரித்துப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் கம்பெனியில் கிளவுடில் வேலை பார்ப்பவள் நான், நானும் பார்க்கவில்லை. அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊரிலிருந்து யார் வந்தாலும் அவர்களிடம் மாத்திரையைக் கொடுத்தனுப்புவது வழக்கமாகிவிட்டது. கொண்டு வருகிறவர்கள் அட்டையில் இருக்கும் பேரைப் படித்து போனில் தேடிவிட்டால்? அம்மா ஒவ்வொரு மாத்திரையாக அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, ஒரு வைட்டமின் பாட்டிலில் போட்டு, மேலே பஞ்சு அடைத்து, பருப்புப் பொடியோடு சேர்த்துக் கட்டிவிடுவாள். "பேரைப் பாத்தா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க கண்ணு" என்பாள்.

அங்கிள் ஒருவழியாக வந்து சேர்ந்ததும், அவர் கொண்டுவந்த பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஜெயிலுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மேம், திஸ் சேஸ் வைட்டமின்ஸ்." நான் விளக்கினேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பாட்டிலை என் பக்கம் தள்ளினாள். வெளி மாத்திரை எதையும் வாங்க மாட்டார்களாம். ப்ரிஸ்கிரிப்ஷன் இருந்தால் அனுப்பச் சொல்லி ஒரு ஃபேக்ஸ் நம்பர் கொடுத்தாள். ஃபேக்ஸ்! இந்தக் காலத்தில் ஃபேக்ஸ் மெஷினுக்கு நான் எங்கே போவேன்?

ப்ரிஸ்கிரிப்ஷனுக்காக அம்மாவைக் கூப்பிட்டேன். பாவம், அன்றைக்கே ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போய்க் கடிதம் வாங்கி வாட்ஸப்பில் அனுப்பினாள். படித்தேன். லேசான மன அழுத்தம், தூக்கமின்மை என்று எழுதியிருந்தது. மாத்திரையின் பேரே இல்லை.

"என்னம்மா இது?"

"டாக்டரு முழுசாத்தான் எழுதறேன்னாரு. நாந்தான் கொஞ்சம் லைட்டா எழுதுங்கன்னு கேட்டுக்கிட்டேன். நாளைக்கு அவனுக்குக் கிரீன் கார்டு வரணுமல்லோ?"

போனை மேஜைமேல் வைத்துவிட்டு பால்கனிக்குப் போய் நின்றேன். மகன் ஜெயிலில் இருக்கிறான், இவள் கிரீன் கார்டுக்கு வழி பார்க்கிறாள். அம்மாவைத் திட்ட வாயைத் திறந்தால் நிறுத்த முடியாது என்று தெரிந்ததால் திட்டவில்லை.

அரசாங்கம் கொடுத்த வக்கீல் நல்ல மனிதர், தலைக்குமேல் வேலை அவருக்கு. அவர் எனக்குப் புரியவைத்தார். வழக்கை நடத்தும் மனநிலையில் இவன் இல்லை என்று ஜட்ஜ் சொல்லியாகிவிட்டது; மாநில ஆஸ்பத்திரியில் வைத்துத் தெளியவைக்க வேண்டும்; ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்க மாதக்கணக்காகும்; அதுவரை ஜெயில்தான். ஜெயிலில் வைத்தியம் பார்க்கிற வேலையை ஒரு கம்பெனியிடம் விட்டிருக்கிறார்கள். கம்பெனி ஒழுங்காகப் பார்க்கிறதா என்று கண்காணிக்க ஒரு மாநில அலுவலகம் இருக்கிறது. அங்கே புகார் கொடுங்கள் என்றார். அப்படி ஆரம்பித்ததுதான் அந்தப் பியானோ.

அங்கே ஒருவர்கூட என்னிடம் முகம் சுளித்துப் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கூப்பிடும்போதெல்லாம் ஒரு புகார் எண் கொடுத்தார்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தேன். பால் எடுக்கப் போனால் ஏழு புகார் எண்களும் பல்லைக் காட்டும். அவர் இன்னும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை, அதனால் எங்கள் பிரிவு இல்லை என்றார் ஒருவர். ஜட்ஜ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லிவிட்டார், அதனால் இனி எங்கள் பிரிவு இல்லை என்றார் இன்னொருவர். அப்படியென்றால் இன்றைக்கு அவன் யார் பொறுப்பில் இருக்கிறான் என்று கேட்டேன். "தட்ஸ் எ கிரேட் கொஸ்டின், மேம்." லாஸ் கொலீனாஸில் இருக்கும் என் ஆபீஸ் மீட்டிங்குகளில் பன்னிரண்டு வருஷமாக இந்த வாக்கியத்தைக் கேட்டு வருகிறேன். பதில் இல்லை என்று அர்த்தம்.

மூன்றாவது வாரம் ஒரு வியாழக்கிழமை, மீட்டிங் நடுவில் அழைப்பு வந்தது. மாநில அலுவலகத்தில் புகார்களை ஆராயும் அதிகாரி, வயதான பெண்ணின் குரல். எழுந்து கார் பார்க்குக்கு ஓடினேன். தம்பி கையெழுத்துப் போட்ட அனுமதிக் கடிதத்தை வக்கீல் அனுப்பியிருந்ததால், அவன் ஃபைலைப் பற்றி என்னிடம் பேச அவருக்குத் தடை இல்லை. உள்ளே கொண்டுவந்த அன்றே மனநலக் கேள்விகளைக் கேட்டிருக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது, விதிமீறல் எதுவும் தெரியவில்லை என்றார்.

கத்தினேன். நீங்கள் காகிதத்தைக் கண்காணிக்கிறீர்களா, மனிதனைக் கண்காணிக்கிறீர்களா என்று கத்தினேன். அவன் தூங்கவில்லை, சுவரோடு பேசுகிறான் என்று வக்கீலே சொல்கிறார், முகத்தைப் பார்த்தாலே தெரியாதா, அதற்கும் ஒரு கட்டம் போட்டு டிக் அடித்தால்தான் தெரியுமா? லஞ்சுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அந்த அம்மாள் நான் முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு, அவன் சொன்ன பதில்களைப் படிக்கட்டுமா என்று கேட்டு, நிதானமாகப் படித்தார்.

மனநலத்துக்கு மருந்து சாப்பிடுகிறீர்களா? இல்லை. வேறு ஏதாவது மருந்து? வைட்டமின், அக்கா கொடுப்பாள். இதற்கு முன்னால் சிகிச்சை பெற்றதுண்டா? இல்லை, நாங்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறோம்.

கார் கதவில் சாய்ந்துகொண்டேன். அது நான் சொல்லிக் கொடுத்த பாடம். அவன் அமெரிக்கா வந்த முதல் மாதம், ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியிலும் பிறகு நாலைந்து தடவையும், காரில் உட்காரவைத்து ஒப்பிக்கச் சொன்னேன். ரூம்மேட் கேட்டாலும், மேனேஜர் கேட்டாலும், டாக்டரே கேட்டாலும் வைட்டமின். புத்தி முழுக்கச் சிதறிக் கிடந்த நேரத்திலும் அந்த ஒன்றை மட்டும் அவன் சிதற விடவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த அம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டிலை, பஞ்சை, டாக்டரின் கடிதத்தை. அவர் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. நாளைக்கே ஒரு நர்ஸை அனுப்பி மறுபடியும் கேட்கச் சொல்கிறேன் என்றார். ஆமாம் என்று சொன்னால் அந்த வாரமே மனநல மருத்துவர் பார்ப்பார். இல்லை என்று சொன்னால் அதையும் எழுதிக்கொள்வார்கள், வற்புறுத்த மாட்டார்கள். "டாக் டு ஹிம்" என்றார்.

சனிக்கிழமை வீடியோவில் இருபது நிமிடம் பேசலாம். பேச்சு பதிவு செய்யப்படுகிறது என்று ஒரு குரல் சொல்லி முடித்ததும் திரையில் வந்தான். தாடி மண்டிப் போய், கண் உள்ளே போயிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவனே ஆரம்பித்தான்.

"அக்கா, நேத்து ஒரு நர்ஸ் வந்து ரெண்டு தடவ கேட்டாங்க. நான் மாத்தவே இல்ல. வைட்டமின்னுதான் சொன்னேன். நீ டென்ஷன் ஆகாத."

"டேய், அவங்ககிட்ட சொல்லிர்றா."

"என்னத்த?"

"உனக்கு மனச்சிதைவு இருக்குன்னு. பதினோரு வருஷமா மாத்திரை சாப்பிடறேன்னு."

அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. 'அந்தப் பிரச்சனை' என்போம், 'அவனோட உடம்பு' என்போம். அவன் திரைக்குக் கிட்டே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அக்கா, ரெக்கார்ட் ஆகுது."

"ஆகட்டும்."

"அம்மாகிட்டக் கேட்டியா?"

"கேக்கல."

திரையின் ஓரத்தில் நிமிடங்கள் குறைந்துகொண்டே வந்தன.

"அக்கா சொல்லச் சொன்னான்னு சொல்லட்டுமா?"

"அப்படியே சொல்லுடா."

திங்கட்கிழமை அவனே நர்ஸைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறான். புதன்கிழமை மாத்திரை ஆரம்பித்தார்கள். மாநில அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது: ஆராய்ந்தோம், விதிமீறல் இல்லை, கவனத்துக்குக் கொண்டுவந்ததற்கு நன்றி. ஆஸ்பத்திரிப் படுக்கை இன்னும் கிடைக்கவில்லை. அதற்கு வேறு பிரிவு, வேறு எண், அதே பியானோ.

அதற்கு இரண்டு வாரம் கழித்து வீடியோவில் வந்தபோது ஷேவ் செய்திருந்தான். நான் போட்டிருந்த சட்டையைப் பார்த்து, அது தன்னுடையதுதானே என்று கேட்டான். அப்புறம் சொன்னான்.

"இங்க மாத்திரைக்கு லைன்ல நிக்கணும்க்கா. நர்ஸ் நம்ம பேரைக் கூப்பிட்டு, மாத்திரை பேரையும் சத்தமாப் படிச்சுத்தான் கப்புல போடறாங்க. முன்னாடி நாலு பேரு, பின்னாடி நாலு பேரு."

"அப்புறம்?" என்றேன்.

"ஒருத்தனும் திரும்பிக்கூடப் பாக்கலக்கா."